இரவைப் பார்த்து இடம் பிடிப்போம்

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டால் திருமங்கலத்தில் நடுப்பகலில் நிழலுக்கு நிழல் தாவித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. சுற்றுவட்டாரக் கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கின்றன. இரவு பத்து மணிக்கும் மொட்டை மாடித் தளம் சுடுகிறது. பள்ளி விடுமுறையும் இதே நாட்களில் வருவதால் வீட்டுப் பேச்செல்லாம் மலைப்பக்கம் திரும்பிவிடுகிறது. மலைக்குப் போக இந்த ஊரைப் போல் வசதியான ஊர் குறைவு. கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. குற்றாலத்துக்குக் கொண்டுபோகும் கொல்லம் சாலை இங்கிருந்துதான் பிரிகிறது. மேற்கே உசிலம்பட்டிக்குப் போய்விட்டால் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறலாம். தேனி வழியாக மேகமலைக்கோ, போடிமெட்டு ஏறி மூணாறு பக்கமோ போகலாம். காலையில் காரை எடுத்தால் பொழுது சாய்வதற்குள் இவற்றில் ஏதாவது ஒரு மலையில் இருக்கலாம். முன்பெல்லாம் அங்கே போய் லாட்ஜில் அறை தேடுவார்கள். இப்போது நிறைய இளைஞர்களும் குடும்பங்களும் ஏரிக்கரையிலோ மலைச்சரிவிலோ டென்ட் போட்டுத் தங்க ஆசைப்படுகிறார்கள்.

நல்ல ஆசைதான். வானத்தைப் பார்த்துக்கொண்டு படுப்பதும், பறவைச் சத்தத்தில் விழிப்பதும் நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத பாக்கியம். ஆனால் இடத்தை முடிவு செய்யும் முறையில் ஒரு கோளாறு இருக்கிறது. கைப்பேசியில் வரும் படத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் இடம் பிடிக்கிறார்கள். தண்ணீருக்கு எத்தனை அடி தூரம், பள்ளத்தாக்கு எவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்பவைதான் அளவுகோல். அந்தப் படங்கள் எல்லாம் பகலில் எடுத்தவை. பகலில் டென்ட்டுக்குள் யாரும் இருப்பதில்லை. ஊர் சுற்றப் போய்விடுகிறோம். டென்ட்டில் கழிவது பெரும்பாலும் மாலை ஆறு மணியிலிருந்து காலை ஆறு மணி வரையிலான பொழுது. ஆகவே, அந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஓர் இடத்தில் காற்றும் தண்ணீரும் விலங்கும் நெருப்பும் என்ன செய்யும் என்பதைக் கேட்டுத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இப்படிக் கேட்டால், பகலில் மிக அழகாகத் தோன்றும் நீர்விளிம்பும் மலைவிளிம்புமே இரவுக்குப் பெரும்பாலும் ஒவ்வாத இடங்கள் என்று தெரியவரும்.

முதலில் குளிர்ச்சி. வெயிலுக்குத் தப்பித்தான் போகிறோம் என்றால் எவ்வளவு உயரம் போகிறோம் என்பதே முக்கியம். தண்ணீர் இருப்பது அதற்கு அடுத்தபடிதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். மதுரைச் சமவெளி கடல் மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். ஆக, கீழே 39 டிகிரி காயும் நாளில் மேலே 26 டிகிரிக்கு மேல் போகாது என்று மனக்கணக்கிலேயே சொல்லலாம். மேகமூட்டமும் காற்றும் சேர்ந்தால் இன்னும் குறையும். மேகமலை சுமார் 1,500 மீட்டர். அங்கே ஒன்பது டிகிரி குறையும். வைகை அணையோ சமவெளியைவிட அதிக உயரத்தில் இல்லை. 1959-இல் திறக்கப்பட்ட அந்த அணையின் நீர்ப்பரப்பு கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தாலும், மே மாத இரவில் அதன் கரையில் டென்ட் போடுகிறவர் வீட்டில் மின்விசிறியின் கீழே படுப்பதைவிட அதிகமாகவே வியர்ப்பார். துணிக்கூடாரம் காற்றை அடைத்துவிடும். தண்ணீரை ஒட்டிய காற்றில் ஈரப்பதமும் கூடுதல். சமவெளி நீர்நிலைகளைப் பகலில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவதே நல்லது.

மலை ஏறிய பிறகு சிக்கல் நேரெதிராகத் திரும்புகிறது. சூரியன் மறைந்ததும் மலைச்சரிவை ஒட்டிய காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது. அது தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மலையில் பள்ளம் என்றால் பெரும்பாலும் அங்கேதான் ஏரி இருக்கும். இதற்குச் சான்று ஆண்டுதோறும் செய்தித்தாளில் வருகிறது. டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானலில் உறைபனி விழுந்தது என்று செய்தி வரும்போது ஏரிச் சுற்றுப்பகுதி, பிரையண்ட் பூங்கா, ஜிம்கானா, பாம்பார்புரம் போன்ற பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. புல்வெளியும் நீர்நிலையும் சேர்ந்த தாழ்வான இடங்களில்தான் பனி உறைகிறது. கோடையில் உறைபனி இல்லை. ஆனாலும் அதே பள்ளங்களில்தான் குளிர் முதலில் வந்து கடைசியில் போகும். அதோடு ஏரிக்கரை ஈரமும் சேர்ந்தால், நம் மூச்சுக்காற்றே டென்ட்டின் உட்புறத் துணியில் நீர்த்துளியாகப் படிந்து விடிகாலையில் போர்வை மேல் சொட்டும். மழையே பெய்யாத இரவிலும் டென்ட் நனைந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, அதன் காரணம் இதுதான். ஏரியிலிருந்து சற்று மேலே, சமதளமாக இருக்கும் ஒரு திட்டில் போட்டால் குளிரும் குறையும், ஈரமும் குறையும். காலையில் ஏரியும் முழுதாகக் கண்ணில் விழும்.

அடுத்தது விலங்கு. கோடையில் காட்டுக்குள் ஓடைகள் வற்றும்போது எஞ்சியிருக்கும் தண்ணீரைத் தேடித்தான் எல்லா உயிரும் வரும். பெரும்பாலும் மனித நடமாட்டம் ஓய்ந்த பிறகு வரும். மூணாறு செல்லும் வழியில், பூப்பாறையைத் தாண்டித் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஓர் அணை நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் பெயர் ஆனையிறங்கல். பெயர் வைத்தவர்கள் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்: ஆனை இறங்கும் இடம் அது. கொடைக்கானலுக்கு அப்பால் உள்ள பேரிஜம் ஏரி யானைக் கூட்டம் முகாமிட்டதால் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடப்பட்டது என்ற செய்தியும் நமக்குப் பழகிப்போனது. 2023 ஏப்ரல் இறுதியில் ஆனையிறங்கலை ஒட்டிய சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானை பெரியாறு காட்டில் விடப்பட்டது. சில வாரங்களிலேயே மேகமலைப் பக்கம் வந்து, மே மாத இறுதியில் கம்பம் நகரத் தெருவுக்குள்ளேயே நடந்தது. பயணிகள் மேகமலைக்கு ஏறத் தடை விதிக்கப்பட்டது. ஜூன் முதல் வாரத்தில் தமிழக வனத்துறை அதைப் பிடித்துக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டது. கோடை விடுமுறையின் உச்சத்தில் ஒரு தனி யானை இத்தனை தூரம் நடக்கிறது என்றால், எந்த நீர்க்கரையைப் பற்றியும் ‘இங்கே விலங்கு வராது’ என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடிப் பகுதியில் விடுதியொன்றின் டென்ட்டில் தங்கியிருந்த இளம்பெண் யானை தாக்கி இறந்தார். கொடைக்கானலில் தெருவிலேயே உலவும் காட்டுமாடும் சாதுவாகத் தெரிவதால் ஆபத்தில்லாதது ஆகிவிடாது. அவற்றின் வழியிலும் அவற்றின் நீர்த்துறையிலும் நாம் படுக்காமல் இருப்பதுதான் நமக்கும் அவற்றுக்கும் பாதுகாப்பு.

தண்ணீரே ஆபத்தாகும் நேரமும் உண்டு. ‘கோடையில் எங்கே வெள்ளம் வரப்போகிறது?’ என்று கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்து மக்கள் மறக்க முடியாத இரண்டு பதில்கள் இருக்கின்றன. 2015 மே மாத அமாவாசைக்குச் சதுரகிரி ஏறிய பக்தர்கள் திடீர் மழையில் பெருகிய காட்டாற்றில் சிக்கினார்கள், உயிர்கள் போயின. 2024 மே 17 அன்று பழைய குற்றாலம் அருவியில் பாய்ந்த திடீர் வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனை அடித்துச் சென்றது. இரண்டும் நடந்தது கோடை விடுமுறையில். இரண்டுமே திருமங்கலத்திலிருந்து சில மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடங்கள். கோடை மழையின் குணம் அப்படி. பகல் வெயிலில் சூடேறிய காற்று மலையில் மோதி மேலெழுந்து, பிற்பகலிலோ மாலையிலோ ஒரு சிறு பரப்பில் கொட்டித் தீர்க்கும். நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளி விழாமலிருக்க, மேலே எங்கோ பெய்த மழை ஓடை வழியே நம்மிடம் வந்து சேரும். பகலில் பார்த்தால் கலங்கல் தெரியும், ஓடிவிடலாம். இரவில் டென்ட்டின் ஜிப்பைத் திறந்து பிள்ளைகளை வெளியே எடுப்பதற்குள் தண்ணீர் வந்துவிடும். ஓடையின் நடுவே மணல் திட்டு எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அது படுக்கும் இடமாகாது. அந்த மணலைக் கொண்டுவந்து போட்டதே ஒரு வெள்ளம்தான். அணை நீர்த்தேக்கத்தின் கரையில் பழைய நீர்மட்டத்துக்கான கோடு பாறையில் வெளுப்பாகத் தெரியும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள நிலம் தண்ணீருக்குச் சொந்தம்.

அப்படியானால் தண்ணீரை விட்டு மேலே, புல்சரிவுக்குப் போய்விடலாமா? அங்கே நெருப்பைக் கேட்க வேண்டும். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். போடிக்கு மேலே நடந்த அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் தமிழகத்தில் மலையேற்றத்துக்கென்று தனி விதிமுறைகள் வந்தன. தீயின் இயல்பைப் புரிந்துகொண்டால் இடத்தேர்வுக்கு வழி தெரியும். தீயின் வெப்பம் மேல்நோக்கிப் போகிறது. அதனால் சரிவில் மேலே உள்ள புல் முன்கூட்டியே காய்ந்து சட்டென்று பற்றிக்கொள்கிறது. மலையில் தீ கீழிருந்து மேலே ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. காய்ந்த புல் நிறைந்த செங்குத்துச் சரிவின் நடுவிலும் உச்சியிலும் டென்ட் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ‘கேம்ப் ஃபயர் உண்டு’ என்று விளம்பரம் செய்யும் இடங்களை இந்தக் கோணத்தில்தான் பார்க்க வேண்டும். ஏப்ரலில், காற்றடிக்கும் மலை முகட்டில், ஒரு தீப்பொறிக்கு எவ்வளவு தூரம் பறக்க முடியும் என்று யோசித்தால் அது வசதியாகத் தெரியாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சரணாலயத்துக்குள் ஆபத்து விளைவிக்கும் வகையில் தீ மூட்டுவதைத் தடை செய்கிறது. குளிருக்குக் கம்பளியும் நல்ல ஸ்லீப்பிங் பேக்கும் போதும்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால் நல்ல இடத்தின் வடிவம் தானாகவே தெரிகிறது. நீர்விளிம்பிலிருந்து தள்ளி, வெள்ளக்கோட்டுக்கு மேலே, பள்ளத்துக்கும் முகட்டுக்கும் இடைப்பட்ட சமதளம்; காய்ந்த புல் வெட்டிச் சுத்தமாக்கிய நிலம்; தலைக்கு மேல் பட்டுப்போன கிளையோ தனித்து நிற்கும் உயர்ந்த மரமோ இல்லாத திறப்பு. தைல மரத்தின் கிளை காற்றில்லாத நேரத்திலும் முறிந்து விழும்; தனி மரத்தைத்தான் இடி தேடிவரும். கார் பக்கத்தில் நிற்க வேண்டும். மின்னல் அடிக்கும்போது டென்ட்டைவிட மூடிய கார் மிகவும் பாதுகாப்பானது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் மனிதர்கள் குடியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட நிலம் காட்டுக்குள் கிடைக்காது. மலைக்கிராமத்துப் பட்டா நிலத்தில்தான் கிடைக்கும். சட்டமும் அங்கேதான் நம்மை நிறுத்துகிறது. காப்புக்காட்டிலும் சரணாலயத்திலும் அனுமதியின்றி நுழைவதே குற்றம். கொடைக்கானல் காடுகள் 2013 முதல் வன உயிரினச் சரணாலயம். மேகமலை, 2021-இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. 1,016 சதுர கிலோமீட்டருக்கு விரியும் காப்பகம் அது. பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதியோடு பகலில் போய் வரலாம், இரவு தங்க முடியாது. அந்த ஏரி பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி என்பதையும் நினைவில் வைத்தால் இந்தத் தடை கசக்காது.

‘நம் முன்னோர் டென்ட்டே இல்லாமல் வெட்டவெளியில் படுத்தவர்கள்தானே?’ என்று கேட்கலாம். உண்மைதான். சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்த கிராமத்துச் சனம் தோப்பிலும் வைகை மணலிலும் அடுப்பு மூட்டிச் சமைத்து, அழகர் மலை திரும்பும்வரை அங்கேயே தங்கிப் போனார்கள். கீதாரிகள் இன்றும் கோடை முழுக்க ஆட்டுமந்தையோடு ஊர் ஊராகப் போய், அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு அங்கேயே படுக்கிறார்கள். ஆனால் அவர்கள் இடம் பார்க்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். கீதாரி கிடை போடுவதற்கு முன் நிலத்துக்காரரிடம் பேசி முடிக்கிறார். தண்ணீர் தேங்கும் தாழ்வையும் ஓடைப்போக்கையும் தவிர்க்கிறார். ஆட்டைப் பகலில் கண்மாய்க்கு ஓட்டிப்போய்த் தண்ணீர் காட்டுகிறார். இரவில் மேட்டுக்குக் கொண்டுவந்து அடைக்கிறார். நாய் எங்கே படுக்க வேண்டும், காவல் யார் முறை என்பதுவரை யோசித்திருப்பார். பகலில் நீர்க்கரை, இரவில் மேட்டு நிலம் என்ற பாடம் வெளியிலிருந்து வந்ததல்ல. இந்தச் சமவெளியின் மேய்ச்சல்காரர்களுடைய நடைமுறை. நாம் அவர்களுடைய துணிச்சலை மட்டும் எடுத்துக்கொண்டு அவர்களுடைய கவனத்தை விட்டுவிடுகிறோம்.

‘வெளிநாட்டில் ஏரிக்கரையில்தானே தங்குகிறார்கள், இங்கே மட்டும் எதற்கு இத்தனை கட்டுப்பாடு?’ என்பது இன்னொரு கேள்வி. சுதந்திரமாகக் கூடாரம் போடப் பெயர்பெற்ற நார்வேயில், 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் திறந்தவெளி நிலத்தில் டென்ட் போடலாம். ஆனால் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளிப் போட வேண்டும். காட்டிலும் காட்டை ஒட்டியும் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை தீ மூட்டப் பொதுத்தடை இருக்கிறது. மழையும் குளிருமான அந்த நாட்டுக்கே கோடையில் இந்தத் தடை என்றால், நம் காய்ந்த மலைக்கு எவ்வளவு வேண்டும்? அமெரிக்காவில் கூடாரப் பயணிகளுக்குச் சொல்லித்தரும் பொதுவிதி, ஏரியிலிருந்தும் ஓடையிலிருந்தும் 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் தள்ளித் தங்க வேண்டும் என்பது. தண்ணீர் கெடாமலிருக்கவும், தண்ணீர் குடிக்க வரும் விலங்கு திரும்பிப் போய்விடாமலிருக்கவும் அந்த இடைவெளி. யோசெமிட்டி தேசியப் பூங்காவில் கரடி வரும் என்பதால் உணவை இரும்புப் பெட்டியில் பூட்டிவைக்க வேண்டும் என்பது கட்டாயம். அங்கே இருப்பது ஒழுங்குக்கு உட்பட்ட சுதந்திரம். அந்த நாடுகளிடம் இருந்து நாம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று இருக்கிறது: எண் போட்ட, கழிப்பறை உள்ள, வாடகை குறைந்த, அரசே நடத்தும் கூடாரத் திடல்கள். மலையடிவார ஊராட்சிகளும் சுற்றுலாத் துறையும் அவற்றை அமைத்தால், அனுமதியற்ற இடங்களை நாடும் தேவையே பாதியாகக் குறையும்.

மூன்றாவது ஆட்சேபம்தான் கனமானது. கட்டுப்பாடு கூடினால் மலைவாழ் மக்களின் பிழைப்பு போகாதா என்பது அது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வந்தபோதும், 2025 கோடையில் கொடைக்கானலுக்குள் வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பு வந்தபோதும் வணிகர்கள் இதைத்தான் சொன்னார்கள். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் இரவைப் பார்த்து இடம் தேர்ந்தெடுக்கும் பயணியால் அந்த மக்களுக்கு நட்டமில்லை. காட்டோரத்தில் யாருக்கும் தெரியாமல் டென்ட் போடுகிறவர் ஊருக்கு விட்டுப்போவது குப்பையை மட்டுமே. பூம்பாறையிலோ மன்னவனூரிலோ முறையாகப் பதிவு செய்த வீட்டுத் தங்கலிலோ, அதன் முற்றத்து டென்ட்டிலோ தங்குகிறவர் வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் அந்த ஊரிலேயே கொடுத்துவிட்டு வருகிறார். ‘முற்றத்தில் டென்ட் போடுவதற்கு லாட்ஜிலேயே படுக்கலாமே’ என்று தோன்றலாம். முற்றத்திலும் அதே வானம், அதே குளிர், அதே மண்வாசம்தான். கூடுதலாக, நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தட்டுவதற்கு ஒரு கதவு இருக்கிறது. முன்பதிவு செய்யும்போதே நிலம் பட்டாவா, அனுமதி இருக்கிறதா, கழிப்பறை எங்கே, யானையோ காட்டுமாடோ அண்மையில் வந்ததா என்று கேட்பது நம் கடமை. பதில் சொல்லத் தயங்குகிற இடத்தைத் தவிர்த்துவிடலாம்.

பயணத்தின் நேர அட்டவணையும் இதிலிருந்தே பிறக்கிறது. திருமங்கலத்திலிருந்து விடியலிலேயே புறப்பட வேண்டும். வத்தலக்குண்டைத் தாண்டி மலைச்சாலையில் ஏறி, டம்டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை கடந்து, நண்பகலுக்குள் கொடைக்கானல் போய்விடலாம். மேகமலை என்றால் சின்னமனூர் வழியாகப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு ஏற வேண்டும். மாலைக்கு மேல் வனச் சோதனைச்சாவடியில் விடமாட்டார்கள் என்பதால் தாமதம் கூடாது. தங்கும் இடத்துக்குப் பிற்பகல் மூன்று மணிக்குள் போய்விட்டால் வெளிச்சத்தில் நிலத்தைச் சுற்றிப் பார்க்க நேரம் இருக்கும். எந்தப் பக்கம் தண்ணீர் ஓடும், எந்தப் பக்கம் காற்றடிக்கும், மண்ணில் குளம்புத் தடமோ சாணமோ இருக்கிறதா என்று அரை மணி நேரம் நடந்து பார்த்தால் போதும். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், “ஐயா, ராத்திரி இங்கன என்ன வரும்?” என்று கேட்டுவிட்டால், எந்த வரைபடமும் சொல்லாத விவரம் கிடைக்கும். அவர் கையை நீட்டி ‘அந்தப் பக்கம் வேண்டாம்’ என்றால், அங்கே எவ்வளவு அழகான புல்வெளி இருந்தாலும் போகக் கூடாது.

கொடைக்கானல் ஏரியே மனிதக் கைபட்டது; 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் சதுப்புப் பள்ளத்துக்குக் குறுக்கே கரை எழுப்பி உருவாக்கியது. மேகமலையில் நாம் ஏரி என்று ரசிப்பவையும் மின்சாரத்துக்காகக் கட்டிய நீர்த்தேக்கங்கள்தாம். பகலில் அந்தக் கரைகளில் நாம் உட்காரலாம், நடக்கலாம், பிள்ளைகளுக்குப் பறவை காட்டலாம். இருட்டிய பிறகு அங்கே பனி இறங்கும், காட்டுமாடு தண்ணீருக்கு வரும், மேலே எங்கோ பெய்த மழை வந்து சேரும். நாம் அறுபது மீட்டர் தள்ளி மேட்டில் தூங்கிவிட்டு, விடிந்ததும் ஒரு டம்ளர் டீயோடு இறங்கிப் போனால், ஈரமண்ணில் இரவு வந்தவர்களின் குளம்புத் தடங்கள் தண்ணீர் வரை போய்த் திரும்பியிருப்பது தெரியும். அதைக் காட்டி, ‘இவங்க ராத்திரி வந்துட்டுப் போயிருக்காங்க’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முடிந்தால், தேர்ந்தெடுத்த இடம் சரியான இடம்.